எல்லாம் போனில் இருக்கிறதே, அப்புறம் எதற்குத் தாள்?

27 நவம்பர் 2025, இரவு. மலேசியாவின் பட்டர்வொர்த் வாசகர் ஒருவரின் கேள்வி

அம்மா, சித்தி, நான் மூவரும் டிசம்பர் கடைசியில் தமிழ்நாடு போகிறோம். பினாங்கிலிருந்து சென்னை, அங்கிருந்து மதுரை, இராமேஸ்வரம், பழநி. தாய்லாந்தின் ஹட்யாய் வெள்ளத்துக்குப் பிறகு வீட்டில் ஆளாளுக்குப் பயம் காட்டுகிறார்கள். காப்புறுதி எடு, தூதரகத்தில் பதிந்து வை, எல்லாவற்றையும் பிரிண்ட் எடு என்று ஒரே பேச்சு. டிக்கெட், விசா, வங்கி, வரைபடம் எல்லாமே போனில் இருக்கிறது. நல்ல பவர் பேங்க் ஒன்று வாங்கிவிட்டால் போதும் என்பது என் எண்ணம். நான் சொல்வதில் தப்பு இருக்கிறதா?

28 நவம்பர், காலை

பவர் பேங்க் கண்டிப்பாக எடுத்துப் போங்கள், தம்பி. கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் அதற்கு அனுமதி இல்லை. ஆனால் அது போதும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

என் தங்கை குடும்பம் போன வெள்ளிக்கிழமைதான் ஹட்யாய் போனது. அன்றைக்கு, 21-ஆம் தேதி, ஒரே நாளில் 335 மில்லிமீட்டர் மழை கொட்டியது. தண்ணீர் ஏறி ஹோட்டலின் கீழ்த்தளம் மூழ்கியதும் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. லிஃப்ட் இல்லை, விளக்கு இல்லை, குழாயிலும் தண்ணீர் வரவில்லை. மச்சானிடம் பெரிய பவர் பேங்க் இருந்தது. பெரியவர்கள் இரண்டு பேர் போன், பிள்ளைகள் போன், பக்கத்து அறையில் தனியாக இருந்த ஒரு பாட்டியின் போன் என்று எல்லாவற்றுக்கும் கொடுத்ததில் அடுத்த நாளே அது காலி. அப்புறம் லைனும் விட்டு விட்டுத்தான் கிடைத்தது.

தாய்லாந்தின் சொங்க்லாவில் இருக்கும் நம் மலேசியத் துணைத் தூதரகத்துக்குத் தகவல் கொடுத்தது அவர்கள் இல்லை, பினாங்கு மாநிலத்தின் பிறை ஊரில் வீட்டில் உட்கார்ந்திருந்த நான். கிளம்புவதற்கு முதல் நாள் தங்கை எனக்கு ஹோட்டல் பதிவுச் சீட்டையும் நாலு பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் அனுப்பியிருந்தாள். எந்த ஹோட்டல், எந்த மாடி, எத்தனை பேர், பாஸ்போர்ட் எண் என்ன, பிள்ளைகளுக்கு என்ன வயது, மருந்து சாப்பிடுகிறவர்கள் உண்டா என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. எங்கள் வரிசையிலேயே ஒரு வீட்டில் மகன் நண்பர்களோடு போயிருந்தான். அவன் அப்பாவுக்கு "ஹட்யாய்" என்பதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது. ஹோட்டல் பெயர் தெரியாமல் அந்த மனிதர் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். பையன் பத்திரமாக வந்துவிட்டான், ஆனால் அந்த நாட்களை அவர் மறக்கப் போவதில்லை.

அதனால் உங்களிடம் திருப்பிக் கேட்கிறேன். உங்கள் போன் செத்துப்போன பிறகு, வீட்டில் இருக்கிறவரால் உங்களுக்காக என்ன செய்ய முடியும்? நீங்கள் தயாராக வேண்டியது அதற்குத்தான்.

28 நவம்பர், மாலை

"வீட்டில் இருப்பவர் என்றால் யார்? வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

குழுவில் போடாதீர்கள். முப்பது பேருக்குத் தெரிந்தால் ஒருத்தரும் பொறுப்பு எடுக்கமாட்டார்கள், பாஸ்போர்ட் படமும் யார் யார் போனுக்கோ போய்விடும். ஒரே ஒரு ஆளை முடிவு செய்யுங்கள். அவர் உங்களோடு பயணம் வராதவராக, இரவு இரண்டு மணிக்கும் போனை எடுப்பவராக இருக்க வேண்டும். அழுது புரளாமல், அலுவலகத்தில் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அது பெரும்பாலும் வீட்டின் மூத்த ஆளாக இருக்காது. எங்கள் வீட்டில் அது நான், என் பயணத்துக்கு என் தம்பி மனைவி.

29 நவம்பர்

இதை எழுத வேண்டுமா என்று யோசித்தேன். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு கோயில் யாத்திரை போகிறீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

என் பெரியப்பா குழுவோடு யாத்திரை போன இடத்தில், தெற்கே ஒரு கோயில் நகரத்து லாட்ஜில், தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். கோவிட்டுக்கு முன்னால் நடந்தது. மருத்துவமனையில் இறந்தால் ஒரு வழி, லாட்ஜில் இறந்தால் வேறு வழி. போலீஸ் வரும், விசாரணை நடக்கும், அரசு மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை நடக்கும். அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை, சட்டம் அப்படி. ஆனால் அந்த நேரத்தில் அங்கே அவருக்கு இரத்த சொந்தம் ஒருத்தரும் இல்லை. குழுத்தலைவர் நல்ல மனிதர், ஓடி ஓடிப் பார்த்தார். ஆனால் உடலை வாங்கக் கையெழுத்துப் போட அவருக்கு உரிமை இல்லை.

பெரியம்மா பிறையில். பிள்ளைகள் ஒருவர் கிள்ளானில், ஒருவர் ஜொகூரில், ஒருவர் சிங்கப்பூரில். பெரியம்மா இன்னாரை நியமிக்கிறேன் என்று கடிதம் எழுத வேண்டும், அதோடு அவரது ஐ.சி. (அடையாள அட்டை), திருமணச் சான்றிதழ், பெரியப்பாவின் பாஸ்போர்ட் நகல் எல்லாம் போக வேண்டும். திருமணச் சான்றிதழ் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. நடுராத்திரியில் பீரோவைக் கவிழ்க்காத குறையாகத் தேடி, கடைசியில் பழைய மைலோ டின்னுக்குள் நாலாக மடித்து வைத்திருந்ததை எடுத்தோம். மடிப்பில் கிழிந்திருந்தது. அதை மேசையில் நீவி விட்டுப் படம் எடுத்து அனுப்பினோம்.

அதற்குள் இன்னொரு கேள்வி வந்தது. உடலைக் கொண்டு வருவதா, அங்கேயே தகனம் செய்வதா? கொண்டு வருவதென்றால் இறப்புச் சான்றிதழ், உடலைப் பதப்படுத்திய சான்றிதழ், போலீஸின் ஆட்சேபணை இல்லைக் கடிதம், நம் துணைத் தூதரகத்தின் கடிதம் எல்லாம் சேர வேண்டும், அப்புறம்தான் விமானத்தில் சரக்காக ஏற்றுவார்கள். அன்று சனிக்கிழமை, தூதரகம் திங்கட்கிழமைதான் திறக்கும். மூன்று பிள்ளைகளும் மூன்று விதமாகப் பேசினார்கள். அந்த இரவு வந்த மனஸ்தாபம் இரண்டு பேருக்கு நடுவில் இன்னும் தீரவில்லை. கடைசியில் அங்கேயே தகனம் செய்து, அஸ்தியில் பாதியை இராமேஸ்வரத்தில் கரைத்து, பாதியை இங்கே கொண்டு வந்தோம்.

உங்கள் அம்மாவிடமும் சித்தியிடமும் இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அபசகுனம் என்று திட்டுவார்கள், பரவாயில்லை. அவர்கள் வாயால் சொன்னது இருந்தால் பிள்ளைகள் சண்டை போட வேண்டி வராது.

30 நவம்பர்

பெயர் விஷயத்தை நேற்று விட்டுவிட்டேன், அது தனியாகச் சொல்ல வேண்டியது.

நம் பாஸ்போர்ட்டில் இன்னாரின் மகன் என்பதற்கு ஏ/எல், மகள் என்பதற்கு ஏ/பி இருக்கிறது. விமான டிக்கெட்டில் சாய்கோடு போட முடியாது. இந்திய விசா படிவம் குடும்பப் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று கேட்கும். மருத்துவமனைப் பதிவேட்டில் அவர்கள் பழக்கப்படி முன்னெழுத்துப் போட்டு எழுதிவிடுவார்கள். பெரியப்பாவின் இறப்புச் சான்றிதழில் அப்படித்தான் ஆனது. இங்கே வந்து ஈ.பி.எஃப். (தொழிலாளர் சேமநிதி) பணமும் காப்புறுதியும் கேட்கப் போனபோது, பாஸ்போர்ட்டில் இருப்பவரும் சான்றிதழில் இருப்பவரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கவே மாதக்கணக்கில் அலைந்தார்கள்.

எந்தத் தாளில் பெயர் எழுதினாலும் பாஸ்போர்ட் நகலை முன்னால் வைத்து, அதில் இருப்பதைப் போலவே எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். நகல் கையில் நாலைந்து இருக்கட்டும். இந்தியாவில் லாட்ஜ்காரர்கள் வெளிநாட்டவர் தங்குவதை 24 மணி நேரத்துக்குள் அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதனால் போகிற இடமெல்லாம் பாஸ்போர்ட் கேட்பார்கள். அசலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள், அசலை இரவு முழுக்க அவர்கள் மேசையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

1 டிசம்பர்

கோலாலம்பூர் வாசகர் ஒருவர்: "எது நடந்தாலும் தூதரகம் பார்த்துக்கொள்ளும், வரி கட்டுகிறோமே."

எவ்வளவு பார்த்துக்கொள்ளும் என்று தெரிந்து வைத்திருந்தால் ஏமாற்றம் இருக்காது. பாஸ்போர்ட் தொலைந்தால் நாடு திரும்ப அவசரச் சான்றிதழ் கொடுப்பார்கள். குடும்பத்துக்குத் தகவல் சொல்வார்கள். வழக்கறிஞர் பட்டியல் தருவார்கள். கைதானால் வந்து பார்ப்பார்கள். 1963-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின் 36-ஆவது பிரிவுப்படி, "என் தூதரகத்துக்குத் தெரிவியுங்கள்" என்று கேட்கும் உரிமை கைதானவருக்கு உண்டு. இந்த ஒரு வாக்கியத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். ஆனால் மருத்துவமனைக் கட்டணம் கட்டமாட்டார்கள், சிறையிலிருந்து எடுக்கமாட்டார்கள், அந்த நாட்டுச் சட்டத்தில் தலையிடமாட்டார்கள்.

நமக்கு டில்லியில் தூதரகம், சென்னையிலும் மும்பையிலும் துணைத் தூதரகம். நம் வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவின் இ-கொன்சுலர் தளத்தில் பயணத்தைப் பதிந்து வைக்கலாம். ஹட்யாய் போல ஒரு நாள் வரும்போது, யார் யார் அங்கே இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிவது இப்படித்தான். எல்லை தாண்டி இரண்டு நாள் போவதற்கெல்லாமா என்று கேட்கிறவர்களுக்கு இந்த நவம்பரே பதில்.

இந்தியாவில் பாஸ்போர்ட் தொலைந்தால் ஒரு படி கூடுதல். முதலில் போலீஸ் புகார், பிறகு துணைத் தூதரகத்தில் அவசரச் சான்றிதழ். அது கிடைத்ததும் நேரே விமான நிலையம் போக முடியாது. உங்கள் விசா பழைய பாஸ்போர்ட் எண்ணோடு ஒட்டியது. அதனால் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும், சென்னையில் அது நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் இருக்கிறது. இதற்கெல்லாம் நாள் பிடிக்கும். விசாத் தாளின் நகல் இருந்தால் வேலை சுலபம், இல்லாவிட்டால் எண்ணைத் தேடுவதிலேயே ஒரு பகல் போய்விடும்.

3 டிசம்பர்

மருந்து பற்றிக் கேட்ட அம்மாவுக்கு.

அரசாங்கக் கிளினிக்கில் நமக்கு மாத்திரையைச் சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு, "சத்து பீஜி, டுவா காலி செஹாரி" (ஒரு மாத்திரை, நாளுக்கு இரண்டு முறை) என்று மலாயில் ஒட்டிக் கொடுக்கிறார்கள். மதுரையில் இருக்கிற மருத்துவருக்கு அது எப்படிப் புரியும்? பயணம் போகும் முன் கிளினிக்கில் கேட்டு, மருந்தின் மூலப்பெயரும் மில்லிகிராமும் எழுதிய தாள் ஒன்று வாங்குங்கள். மெட்ஃபார்மின் 500, அம்லோடிபின் 10 என்று இருந்தால் உலகத்தில் எந்த மருத்துவரும் புரிந்துகொள்வார். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து ஒரே டப்பாவில் கொட்டாதீர்கள். இன்சுலினைப் பெட்டியில் அனுப்பாதீர்கள், கையோடு வைத்திருங்கள்.

எத்தனை நாளுக்கு? பயண நாளைவிட இரண்டு வாரம் கூட எடுங்கள் என்பேன். 2020 மார்ச் நினைவிருக்கிறதா? 17-ஆம் தேதி இந்தியா மலேசியாவிலிருந்து வருகிற பயணிகளைத் தடுத்தது. 18-ஆம் தேதி இங்கே நடமாட்டக் கட்டுப்பாடு. 22-ஆம் தேதி இந்தியா வெளிநாட்டு விமானங்களையே நிறுத்தியது. பத்து நாள் யாத்திரை போனவர்கள் வாரக்கணக்கில் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். அப்போது எங்கள் தெருவிலிருந்து போன ஒரு தம்பதிக்கு, சோற்றுக்கும் படுக்கைக்கும் குறைவில்லாமல் உறவுக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். இரத்த அழுத்த மாத்திரைதான் தீர்ந்துபோய்த் தடுமாறினார்கள்.

இன்னொன்று, நாய். கோயில் வாசலில், பேருந்து நிலையத்தில் தெருநாய்கள் இருக்கும், குரங்கும் இருக்கும். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனை போய் ஊசியைத் தொடங்க வேண்டும். ஊர் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருபோதும் தள்ளிப் போடாதீர்கள். வெறிநாய்க்கடி நோய் அறிகுறி காட்டிவிட்டால் பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

3 டிசம்பர், இரவு

காரில் ஹட்யாய் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை, கெடாவிலிருந்து கேட்டவருக்காக. நம் வண்டிக் காப்புறுதி தாய்லாந்துக்குத் தானாகச் செல்லாது. 101 எண் கொண்ட கூடுதல் பிரிவைக் காப்புறுதி நிறுவனத்தில் கேட்டுச் சேர்க்க வேண்டும். அதுபோக, தாய்லாந்தின் கட்டாயக் காப்புறுதி தனி, எல்லைக்கு அருகிலேயே விற்பார்கள். இரண்டும் வேண்டும். சுற்றுலாப் போலீஸ் எண் 1155, ஆம்புலன்ஸ் 1669.

6 டிசம்பர்

இந்த வாரச் செய்தியைப் பார்த்திருப்பீர்கள். இந்தியாவில் உள்நாட்டு விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்து. அதற்கு முந்தைய வாரம் டிட்வா புயல், இலங்கையில் நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின, சென்னையிலும் விமானங்கள் நின்றன.

தம்பி, உங்கள் திட்டத்தில் மதுரையிலிருந்து காலையில் சென்னைக்கு விமானம், அன்று இரவே சென்னையிலிருந்து பினாங்கு என்று போட்டிருந்தீர்கள். அதை மாற்றுங்கள். முதல் நாளே சென்னை வந்து சேர்ந்து ஒரு இரவு தங்குங்கள். இரண்டு டிக்கெட்டும் தனித்தனியாக வாங்கியிருந்தால், முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாம் நிறுவனம் பொறுப்பேற்காது. மதுரையிலிருந்து எழும்பூருக்கு இரவு இரயில் இருக்கிறது, அம்மாவுக்குக் கீழ்ப்படுக்கை கேட்டு வாங்குங்கள்.

தாள் எதற்கு என்று கேட்டீர்களே, சென்னை விமான நிலைய வாசலை நினைத்துப் பாருங்கள். இங்கே பாயான் லெப்பாஸில் இருக்கும் பினாங்கு விமான நிலையத்தில் யார் வேண்டுமானாலும் உள்ளே போய் வழியனுப்பலாம். அங்கே வாசலிலேயே காவலர் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் பார்த்துத்தான் உள்ளே விடுவார். போன் செத்திருந்தால் வாசலுக்கு வெளியே, பெட்டியோடு, வெயிலில் நிற்க வேண்டியதுதான். மடித்து வைத்த ஒரு தாள் அந்த இடத்தில் உங்களை உள்ளே கொண்டுபோகும்.

7 டிசம்பர்

பணம். இதில் இளைஞர்களுக்குத்தான் ஆபத்து அதிகம் என்று நினைக்கிறேன்.

இப்போது நம் வங்கிகள் குறுஞ்செய்தியில் வரும் டி.ஏ.சி. என்ற ஒருமுறைக் கடவு எண்ணைக் குறைத்துவிட்டு, ஒரே ஒரு போனில் இருக்கிற செயலியோடு கணக்கைக் கட்டி வைத்திருக்கின்றன. மோசடியைத் தடுக்க நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தப் போன் திருச்சி பேருந்து நிலையத்தில் திருடு போனால், வங்கியும் கூடவே போகிறது. புது போன் வாங்கினாலும் உங்கள் மலேசிய எண் வேண்டும், அதற்கு மாற்று சிம் வாங்க ஐ.சி.யோடு இங்கே கடைக்கு வரச் சொல்வார்கள்.

அதனால் மூவரும் ஒரே கணக்கை நம்பிப் போகாதீர்கள். அம்மாவின் கார்டு அம்மாவிடம், உங்கள் கார்டு உங்களிடம், வேறு வேறு வங்கியாக இருந்தால் இன்னும் நல்லது. டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடி இருக்கும், கிளம்பும் முன் செயலியில் திறந்துவிடுங்கள். கொஞ்சம் ரொக்கம் சித்தியிடமும் இருக்கட்டும். அங்கே உள்ளூர் சிம் போடும்போது கழற்றுகிற மலேசிய சிம், சட்டைப்பையில் போட்டு வெளுக்கப் போய்விடும். பாஸ்போர்ட் உறைக்குள் சின்னக் காகித உறையில் வையுங்கள்.

கார்டைத் தடுக்க வங்கியின் எண் கார்டின் முதுகில்தான் அச்சிட்டிருக்கிறது, கார்டே போன பிறகு அதை எங்கே பார்ப்பது? +60-இல் தொடங்கும் முழு எண்ணைத் தாளில் எழுதுங்கள், வீட்டில் இருக்கிறவரிடமும் கொடுங்கள்.

10 டிசம்பர்

குருமா மசாலா அரைத்துக்கொண்டு போகலாமா என்று கேட்ட அக்காவுக்கு: அதில் கசகசா இருந்தால் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ கொண்டு போகாதீர்கள். இரண்டு இடத்திலும் அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. துபாயில் விமானம் மாறினாலும் இதே எச்சரிக்கைதான். தேங்காயும் முந்திரியும் போட்டே அரையுங்கள், சுவை குறையாது.

பையன்களுக்கு: வேப் எனும் மின்சிகரெட் இங்கே கடையில் கிடைத்தாலும் பையில் போடாதீர்கள். சிங்கப்பூர், தாய்லாந்து, இந்தியா மூன்றிலும் தடை. இந்தியாவில் 2019-இலிருந்து சட்டமே இருக்கிறது.

14 டிசம்பர்

ஒரு தாய் தனியாக எழுதியிருந்தார். மகனுக்கு 22 வயது, பேங்காக்கில் வாடிக்கையாளர் சேவை வேலை, சம்பளம் இங்கே கிடைப்பதைப் போல மூன்று மடங்கு, டிக்கெட் அவர்களே அனுப்புகிறார்களாம். "அவன் போனை எடுத்துப் போகிறான், தினமும் பேசுவான், பயப்பட வேண்டியதில்லையே?"

அம்மா, பயப்பட வேண்டும். தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

தாய்லாந்தின் மேற்கே மே சொட். பேங்காக்கிலிருந்து சுமார் 500 கிலோமீட்டர். அங்கே மோய் ஆறு, அக்கரையில் மியான்மாரின் மியாவாடி. அந்தப் பக்கம்தான் மோசடி முகாம்கள். பேங்காக் வேலை என்று சொல்லி வரவழைத்து, விமான நிலையத்திலிருந்து காரில் ஏற்றி, மேற்கே ஏழெட்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு போய் ஆற்றைக் கடத்திவிடுகிறார்கள். மலேசியப் பிள்ளைகள் பலர் இப்படி மாட்டினார்கள், கம்போடியாவின் சிஹானுக்வில் பக்கமும் இதே கதை. உள்ளே போனதும் பாஸ்போர்ட்டையும் போனையும் பிடுங்கிக்கொள்வார்கள். பேச விட்டாலும் பக்கத்தில் ஆள் நிற்கும், "நான் நல்லா இருக்கேம்மா" என்றுதான் சொல்ல முடியும்.

அவன் எப்படியும் வெளிநாட்டு வேலைக்குப் போகத்தான் போகிறான் என்றால், நிறுவனம் பதிவானதா என்று பாருங்கள், வேலை அனுமதி கையில் வந்த பிறகே டிக்கெட் எடுக்கச் சொல்லுங்கள். சுற்றுலாப் பயணியாக நுழைந்து அங்கே வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அதோடு நிறுத்திவிடுங்கள். அப்புறம், வீட்டுக்குள் ஒரு சொல் பேசி வையுங்கள். சாதாரணப் பேச்சில் வந்தால் சந்தேகம் வராத சொல்லாக இருக்கட்டும். இல்லாத ஒரு அத்தையின் பெயரைச் சொல்லி "அத்தைக்குக் கால் வலி எப்படி இருக்கு?" என்று அவன் கேட்டால், ஆபத்தில் இருக்கிறான் என்று உங்களுக்குப் புரிய வேண்டும். புரிந்ததும் போலீஸில் புகார், விஸ்மா புத்ராவுக்குத் தகவல், இரண்டும் அன்றைக்கே.

இந்தச் சொல் எதிர்ப்பக்கமும் உதவும். "உங்கள் அம்மா மதுரையில் விபத்தில் அடிபட்டுவிட்டார், உடனே பணம் அனுப்புங்கள்" என்று யாரோ அழைத்தால், பதறி அனுப்பாமல் அந்தச் சொல்லைக் கேளுங்கள். குரலைக்கூட இப்போது போலியாகச் செய்கிறார்கள்.

15 டிசம்பர்

அந்த அம்மா பதில் போட்டிருக்கிறார். மகன் முகவரிடம் வேலை அனுமதியைக் கேட்டானாம், முகவர் அதற்குப் பிறகு பேசவில்லை. எனக்கு இன்று சாப்பாடு இறங்கியது.

16 டிசம்பர்

தாள் பற்றி நான் சொன்னதை ஜொகூர் வாசகர் ஒருவர் மேம்படுத்தியிருக்கிறார், அவர் சொல்வதுதான் சரி. நான் ஒரே தாளில் எல்லாவற்றையும் எழுதச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாஸ்போர்ட் எண், வங்கி எண், வீட்டு முகவரி எல்லாம் இருக்கிற தாள் பையோடு திருடு போனால் என்ன ஆவது என்று கேட்கிறார்.

அவர் யோசனைப்படி இரண்டாகப் பிரித்துவிடுங்கள். கழுத்துப் பையில் இருக்கிற சின்னத் தாளில் பெயர், இரத்தப் பிரிவு, நோய், மருந்து, ஒவ்வாமை, வீட்டில் இருக்கிறவரின் எண், காப்புறுதியின் 24 மணி நேர எண், தங்குமிடத்தின் பெயர். மயங்கி விழுந்தால் யாரோ ஒருவர் எடுத்துப் படிக்க வேண்டிய தாள் அது, ஒரு பக்கம் ஆங்கிலத்திலும் மறுபக்கம் தமிழிலும் எழுதுங்கள். மற்ற நகல்கள் எல்லாம் தனி உறையில், பயணம் வருகிற இன்னொருவர் பையில். அம்மாவின் நகல் சித்தியிடம், சித்தியின் நகல் அம்மாவிடம்.

அவசர எண் எழுதும்போது இந்தியாவுக்கு 112, தமிழ்நாட்டில் ஆம்புலன்ஸுக்கு 108.

26 டிசம்பர்

இன்று அந்தத் தேதி. 2004-இல் சுனாமி வந்தபோது மலேசியாவில் 68 பேர் போனார்கள், அதில் 52 பேர் நம் பினாங்கில். பத்து பெரிங்கியில், பாலிக் பூலாவ் பக்கத்தில் கடற்கரையில் இருந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை, குடும்பம் குடும்பமாகப் போயிருந்தார்கள்.

கடலோர ஊருக்குப் போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன். நிலநடுக்கத்தை உணர்ந்தாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ, வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓடுங்கள். அறைக்குப் போனதும் லிஃப்டைப் பார்ப்பதற்கு முன்னால் படிக்கட்டு எங்கே என்று பாருங்கள். இந்த மார்ச் 28-இல் மாண்டலே அருகே 7.7 நிலநடுக்கம், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பேங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த மாடிக் கட்டடம் சரிந்தது. உயர்ந்த ஹோட்டல்களிலிருந்து செருப்புகூட இல்லாமல் ஓடி வந்தவர்கள் உள்ளே திரும்பப் பல மணி நேரம் ஆனது. அதனால் படுக்கும் முன் பாஸ்போர்ட்டும் மருந்தும் கண்ணாடியும் இருக்கிற சின்னப் பை கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும், பீரோவில் பூட்டி வைக்காதீர்கள்.

30 டிசம்பர்

பட்டர்வொர்த் தம்பி பழநியிலிருந்து எழுதியிருக்கிறார். சித்தி படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் எலும்பு முறிவு. இவர் மருத்துவமனையில் வரிசையில் நிற்கும்போது, பட்டர்வொர்த்தில் இருக்கிற அண்ணன் காப்புறுதி எண்ணை அழைத்துப் பேசி முடித்துவிட்டாராம். ஆனாலும் அந்த மருத்துவமனை காப்புறுதியை நேரடியாக ஏற்கவில்லை, முன்பணம் ரொக்கமாகக் கட்டச் சொன்னார்கள். அம்மாவின் கார்டில் கட்டியிருக்கிறார்கள். சித்திக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் காப்புறுதிப் பணத்தைத் தராமல் போய்விடுவார்களோ என்று கவலைப்படுகிறார்.

தம்பி, விழுந்தது விபத்து. ஏற்கெனவே இருக்கிற நோயைக் காப்புறுதி விலக்கி வைத்திருந்தாலும், எலும்பு முறிவைத் தனியாகத்தான் பார்ப்பார்கள். சர்க்கரையால் மயங்கி விழுந்தார் என்று மருத்துவக் குறிப்பில் தவறாக ஏறிவிடாமல், எப்படி விழுந்தார் என்பதை உள்ளபடி சொல்லி எழுத வையுங்கள். முத்திரையோடு அசல் பில், பணம் கட்டிய ரசீது, டிஸ்சார்ஜ் குறிப்பு, எக்ஸ்ரே படம் எல்லாவற்றையும் வாங்காமல் வெளியே வராதீர்கள். ஊருக்கு வந்த பிறகு அங்கிருந்து தாள் வரவழைப்பது பெரும்பாடு. பெயரைப் பாருங்கள், ஏ/பி இருக்கிறதா என்று.

கட்டுப் போட்ட கையோடு விமானத்தில் வருவதற்கு மருத்துவரிடம் கடிதம் கேளுங்கள். புதிதாகப் போட்ட மாவுக்கட்டு என்றால் கைக்கு வீக்கம் வந்து இறுகும், விமான நிறுவனமும் கேட்கும். சக்கர நாற்காலியை இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

அண்ணனுக்குச் சொல்லுங்கள், அங்கே மணி நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். மருத்துவமனையின் காப்புறுதிப் பிரிவு காலை ஒன்பதுக்குத் திறந்தால் நமக்குப் பதினொன்றரை. அதற்கு முன்னால் அழைத்து யாரும் எடுக்கவில்லை என்று அவர் பதற வேண்டாம். சித்தியின் கை எப்படி இருக்கிறது என்று நாளைக்கு எழுதுங்கள்.